சோற்றுக்குப் பின் தியானம்

மட்டக்களப்பு கல்லடியில், வாவியோரத்து அலுவலகம் ஒன்றில் நம்மவர் எழுதுவினைஞர். கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு நாள், கட்டுச்சோற்றை மீன் ஆணத்தோடு முடித்து, சட்டித் தயிரையும் வழித்து நிமிர்ந்தபோது அறிவிப்பு வந்தது: ஒரு மணிக்குக் கூட்டுத் தியானம், பத்து நிமிடம், எல்லோரும் வரவேண்டும்.

கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கைப்பேசியிலிருந்து ஒரு பெண்குரல் செந்தமிழில் வழிநடத்தியது. "கண்களை மூடுங்கள். அமைதியான நீர்நிலை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள்." யன்னலுக்கு வெளியே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட வாவி கிடக்க, அதற்குக் கண்ணை மூடி இன்னொன்றைக் கற்பனை செய்வானேன் என்று நம்மவர் யோசித்தார். அருகில் காத்தான்குடி நானா நிம்மதியாக அமர்ந்திருந்தார். ளுஹர் தொழுதுவிட்டு வந்தவர். மதிய இடைவேளையில் மனதை அடக்குவது அவருக்குப் புதிதல்ல.

அடுத்துத் தற்பரிவு. "நண்பரிடம் பேசுவதுபோல் உங்களிடமே பேசுங்கள்."

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இதற்கு ஓர் அளவுகோலையே வெளியிட்டார். தன்மீது கனிவு, தவறுவது மனிதர் எல்லோருக்கும் பொது என்ற உணர்வு, நடப்பதை மிகைப்படுத்தாமல் கவனிப்பது என்று மூன்று கூறுகள். சரக்கு நமக்குப் புதிதில்லை. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கமும் அன்புத் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 21ஐ உலகத் தியான தினமாக அறிவித்தபோது, அதை முன்னெடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

சிக்கல் கல்லடியில்தான். இங்கே நண்பனிடம் யார் கனிவாகப் பேசுகிறார்கள்? போன வாரம் நம்மவர் ஒரு கடிதத்தில் திகதியைப் பிழையாக அடித்தபோது ஆருயிர் நண்பன் கேட்டது: "கண்ணக் கழட்டி வீட்டில வெச்சிட்டா வந்த மச்சான்?" குரல் சொன்னபடியே அதை அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பரிவு வரவில்லை, நித்திரை வந்தது.

பிற்பகலில் உடற்கடிகாரமே சற்றுத் தளரும். சோறும் தயிரும் அதற்குக் கைகொடுக்கும்.

இதே வாவியில், முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். யேசு சபைத் துறவி லாங் அடிகள் அந்த ஒலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. பாடுவது மீனா மட்டியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கூட்ட அறையில் ஆறாவது நிமிடம் எழுந்த நாதத்தில் அப்படி ஒரு மர்மமும் இருக்கவில்லை. நம்மவர் கண்விழித்தபோது வட்டம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பகலிலயும் மீன் பாடுது தம்பி," என்றார் கணக்குப் பிரிவு அக்கா.

சிரிப்பில் நம்மவரும் சேர்ந்துகொண்டார். தவறுவது எல்லோருக்கும் பொது என்ற பாடம் அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. கூட இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மேலதிகாரிக்கு விண்ணப்பம் ஒன்று போனது: தியானத்தைப் பன்னிரண்டு மணிக்கு, சோற்றுக்கு முன் வைக்கவும். கையெழுத்திடுமுன் திகதியை அவர் இரண்டு தரம் சரிபார்த்தார்.