நிலையமறி துயில்: மறைமலைநகர் மின்சார ரயிலில் தலைசாய்வோர் குறித்த ஓர் ஆய்வு

‘தூங்கு’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் தொங்கு என்று பொருள். ஆடு, அசை என்றும் பொருள். உறங்கு என்ற பொருள், கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, மெல்ல மெல்ல மற்றவற்றை நகர்த்திவிட்டு ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்ட பயணி. மூன்று பொருளும் இன்றும் ஒரே ஆளிடம் குடியிருப்பதைப் பார்க்க வேண்டுமானால், மாலை ஆறரை மணிக்கு மேல் எழும்பூரில் செங்கல்பட்டு வண்டியில் ஏற வேண்டும். அந்த ஆள் கைப்பிடியில் தொங்குகிறார், வண்டியோடு ஆடுகிறார், நின்றபடியே உறங்குகிறார். தாம்பரத்தில் கூட்டம் குறைந்ததும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். மறைமலைநகரில் வண்டி நிற்பதற்குச் சற்று முன் கண்ணைத் திறந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, இது எந்த ஊர் என்று யாரையும் கேட்காமல் இறங்கிப் போகிறார்.

எப்படி?

இதுவே ஆய்வு வினா. ஆய்வு முறை: ஒரு சீசன் டிக்கெட், ஒரு குறிப்பேடு, எதிர் இருக்கை. ஆய்வின் குறைபாட்டையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது அறிவு நாணயம். ஆய்வாளரே சில நாட்களில் ஆய்வுப் பொருளாகிவிட்டதால், அந்த நாட்களுக்குரிய பக்கங்களில் ‘ஊரப்பாக்கம், 7.40, பயணி இடப்பக்கமாக’ என்று தொடங்கும் வாக்கியம் ஒரு நீண்ட கோடாகச் சரிந்து தாளின் ஓரத்தில் முடிகிறது.

முன்னோர் ஆய்வுகளில் முதல் மரியாதை ஊர்ப்பெயருக்கு உரியவருக்கே. 1876-இல் நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்தவர், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலை அடிகள் ஆனார். 1911-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். செங்கல்பட்டு வண்டி இன்றும் அவர் வாழ்ந்த ஊரில் நின்றுவிட்டுத்தான் அவர் பெயர் கொண்ட ஊருக்குப் போகிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அவர் பல்லாவரத்துக்காரர். அதில் அவர் என்றாவது கண்ணயர்ந்தாரா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார்: ‘யோக நித்திரை அல்லது அறிதுயில்’. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை, தலைப்பின் முன்பாதியை வடமொழியிலேயே விட்டுவைத்ததற்குக் காரணம், எதைப் பற்றிய நூல் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டுமே என்ற நியாயமான கவலையாக இருக்கலாம். அடிகள் ரயிலை மனத்தில் வைத்து அதை எழுதவில்லைதான். இருந்தும், அறிந்துகொண்டே துயில்வது என்ற சொல்லை மறைமலைநகர்ப் பயணியைவிடப் பொருத்தமாகச் சுமப்பவர் ஒருவரே உண்டு. அவர் மாமல்லபுரத்தில் இருக்கிறார்.

மகிடாசுரமர்த்தினி குகையின் ஒரு பக்கச் சுவரில், பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கும் திருமாலைப் பல்லவச் சிற்பி செதுக்கியிருக்கிறான். கால்மாட்டில் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள். படுத்திருப்பவர் முகத்திலோ சலனமே இல்லை. ஊருக்குள் தலசயனப் பெருமாள் பாம்பும் இல்லாமல் தரையிலேயே படுத்திருக்கிறார். தரையில் படுப்பவரும் பாம்பில் படுப்பவரும் செய்யாத ஒன்றை ரயில் பயணி செய்கிறார் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். கடவுளே ஆனாலும் கிடந்தகோலத்தில் தலை கீழே விழாது. பயணிக்கு அந்த வசதி இல்லை.

தலைதான் சிக்கல். வளர்ந்த மனிதரின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ. ரேஷன் கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கி, அதை ஏழு சிறிய எலும்புகளாலான ஒரு கம்பத்தின் உச்சியில் வைத்து, அந்தக் கம்பத்தை ஓடும் வண்டியில் வைத்ததற்குச் சமம். (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். அது ரயிலில் போவதில்லை.) போதாக்குறைக்கு, தலையின் எடைமையம் அது உட்கார்ந்திருக்கும் மூட்டுக்கு நேர் மேலே இல்லை, சற்று முன்னால் இருக்கிறது. அதனால் பிடரித் தசைகள் நாள் முழுவதும் பின்னாலிருந்து கயிறு பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை கொஞ்சம் தளர்ந்தால் முகவாய் மார்பை நோக்கி இறங்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்துவிடுவதற்குக் காரணம் அதன் கனமெல்லாம் அடியில் இருப்பது. மனிதனுக்கு மூளையை மேலே வைத்த இயற்கை, இந்தப் பொம்மையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

தலை இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை எதிர் இருக்கையிலிருந்து மணிக்கணக்காகக் கவனிக்கலாம். முதலில் இமை. பிறகு வாய் லேசாகத் திறக்கும். தலை அங்குலம் அங்குலமாக முன்னால் போகும், கோயிலில் தீபாராதனைக்குக் குனிகிறவரைப் போல. ஒரு கட்டத்தில் சட்டென்று நிமிரும். நிமிர்பவர் சுற்றுமுற்றும் பார்ப்பார், தான் தூங்கவில்லை என்று அறிவிக்கும் முகத்தோடு. அரை நிமிடத்தில் மறுபடி இமை.

அந்த ‘சட்டென்று’ மூளைப் புறணியின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. பிடரித் தசைகளுக்குள்ளேயே தசையின் நீளத்தை அளந்துகொண்டிருக்கும் நுண்ணிய உணர்விகள் உண்டு. தலை விழ, தசை நீள, அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடம் மேலிடத்தைக் கேட்காமல் உடனே ‘இழு’ என்கிறது. மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டியதும் கால் உதறுகிறதே, அதே ஏற்பாடுதான். நிமிர்ந்த பிறகே மூளைக்கு விஷயம் போகிறது. அதனால்தான் அந்த முகத்தில் குற்றம் செய்து மாட்டிக்கொண்டவரின் திகைப்பு. மாடியிலிருந்து விழுவது போல் தோன்றித் தூக்கிவாரிப் போடுவது வேறு வகை. அது தூக்கத்தின் வாசலில் உடம்பு முழுவதும் ஒருமுறை உதறிக்கொள்வது. அப்போது பக்கத்து இருக்கைக்காரருக்கு ஓர் உதை கிடைக்கும். மன்னிப்புக் கேட்க ஆள் விழித்திருக்க மாட்டார்.

இவ்வளவு அவஸ்தைக்கு நடுவே ஏன் தூங்க வேண்டும்? காரணம் உயிரணுக்களில் இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்துத்தான் வேலை பார்க்கிறது. செலவின் மிச்சமாக மூளையில் அடினோசின் சேருகிறது. காலையில் எழுந்த நேரத்திலிருந்து சேர்ந்துகொண்டே போய், நரம்பணுக்களில் தனக்கென உள்ள ஏற்பிகளில் உட்கார்ந்து, ‘போதும், படு’ என்கிறது. நாலு மணிக் காபி செய்வதெல்லாம் அந்த இருக்கைகளில் துண்டு போட்டு வைப்பது மட்டுமே. அடினோசின் நின்றுகொண்டே வருகிறது. துண்டை எடுத்ததும் மொத்தக் கூட்டமும் உட்காருகிறது.

கூட்டாளி ஒருவன் காதுக்குள் இருக்கிறான். உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றின் அருகே கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகளும் உண்டு. மாமல்லபுரம் கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கும் கிளிஞ்சலும் இதே பொருள்தான். வண்டி வேகமெடுத்தாலும் பிரேக் போட்டாலும் இந்தத் துகள்கள் பின்தங்கியோ முந்தியோ நகர்ந்து அடியிலுள்ள மயிரணுக்களை வளைக்கின்றன. மெதுவான, சீரான ஆட்டம் இங்கிருந்து தூக்கத்துக்கு வழி திறக்கிறது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். ஆடும் கட்டில் ஒன்றைச் செய்து, நான்கு நொடிக்கு ஓர் ஆட்டமாக ஆட்டி, அதில் ஆண்களைப் பகல் தூக்கம் போட வைத்து, ஆடாத கட்டிலைவிட இதில் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று மூளை அலைகளைப் பதிந்து காட்டினார்கள். உத்தரத்தில் புடவையைக் கட்டித் தூளியாக்கி, ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டே மறுகையால் கீரை ஆய்ந்த பாட்டிகளிடம் மூளை அலைக் கருவி இல்லை. மற்றபடி முடிவு ஒன்றே.

இனி ஆழம். தூக்கத்துக்குப் படிகள் உண்டு. முதல் படி சில நிமிடம், இரண்டாவது சற்று நீளம், மூன்றாவது ஆழ்துயில். இவற்றையெல்லாம் கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போனால்தான் கனவு மிகுந்த கட்டம் வரும். 1953-இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும், மூடிய இமைக்குள் கண்கள் விரைந்தோடும் கட்டம் என்று விவரித்தது அதைத்தான். அந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளை ஏறக்குறைய முழுவதுமாக அணைத்துவிடும். கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு ஓடாமல் இருப்பதற்காக இந்த முன்னெச்சரிக்கை. பிடரியும் அதில் அடக்கம். எழும்பூரில் ஏறிய மறைமலைநகர்ப் பயணி பெரும்பாலும் அந்தக் கட்டம் வருவதற்குள் இறங்கிவிடுகிறார். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர். அதற்கும் தெற்கே இத்தடத்தை நீட்டுபவர்கள், பயணிகளின் கழுத்தையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வின் ஒரே பரிந்துரை.

ஆக அவர் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே உலாவுகிறார். அங்கே காது முழுவதாக மூடுவதில்லை. புலன்களின் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸ், கதவைச் சாத்துகிறதே தவிரத் தாழ்ப்பாள் போடுவதில்லை. 1960-இல் பிரிட்டனில் இயான் ஆஸ்வால்டும் சகாக்களும், தூங்குபவர்களுக்குப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒலிபரப்பினார்கள். யார் யார் பெயரோ வந்தபோது அசையாத மூளை அலை, அவரவர் சொந்தப் பெயருக்குத் துள்ளியது. தினம் இரண்டு முறை கேட்கும் ஊர்ப்பெயரும், மாத முதல் தேதியில் வீட்டு வாடகை கேட்கும் ஊர்ப்பெயரும் சொந்தப் பெயரில் சேர்த்தியா இல்லையா? வண்டிக்குள் ஒலிபெருக்கி ‘கூடுவாஞ்சேரி’ என்கிறது, இமை அசையவில்லை. ‘காட்டாங்குளத்தூர்’ என்கிறது, புருவம் மட்டும் சற்றுச் சுருங்குகிறது. ‘மறைமலைநகர்’ என்றதும் கை பையைத் தேடுகிறது. கண் அதற்குப் பிறகுதான் திறக்கிறது. இந்த வரிசையை ஆய்வாளர் பலமுறை பார்த்திருக்கிறார்: முதலில் கை, பிறகு கண், கடைசியாக ஆள்.

ஒலிபெருக்கி இல்லாத பெட்டிகளிலும் விழிக்கிறார்களே என்ற தடை எழலாம். அதற்கு இரண்டு விளக்கங்கள். ஒன்று பொத்தேரிக் கோட்பாடு: மாலையில் பொத்தேரி எதிர் நடைமேடையில் நிற்கும் கல்லூரிக் கூட்டத்தின் இரைச்சலே, இரண்டு நிலையம் முன்னதாக அடிக்கும் அலாரம். இது விடுமுறை நாட்களில் பலிக்காது. மற்றொன்று ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து வருகிறது. யான் போர்னும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட சோதனையில், காலை ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்க வைக்கப்பட்டவர்களின் இரத்தத்தில், அந்நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஏசிடிஹெச் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கியது. ஒன்பது மணி என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்நேரத்தில் ஏறவில்லை. அது அட்ரினல் சுரப்பிகளைத் தட்டி, ‘ஷிஃப்ட் மாறப்போகிறது, தயாராகு’ என்று சொல்கிற ஹார்மோன். அவர்கள் இரவெல்லாம் மெத்தையில் படுத்திருந்தவர்கள். ரயில் பெஞ்சுக்கு இதை அப்படியே பொருத்துவது ஆய்வுத் துணிச்சல். ஆனாலும் மூன்று ஷிஃப்ட் பார்க்கும் தொழிற்பேட்டை ஊர்க்காரர்களின் சுரப்பிகளுக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எச்சில் விஷயம் அடக்கமாகச் சொல்லத் தக்கது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகத்தான் சுரக்கிறது. ஆனால் விழுங்குவது அதைவிடக் குறைந்துபோகிறது. தாடைத் தசை தளர்ந்து வாய் திறந்து, தலையும் சாய்ந்தால், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. அது போய்ச் சேரும் இடம் பக்கத்துத் தோள்.

அந்தத் தோளுக்கு உரியவரைப் பற்றி உடலியல் நூல்கள் பேசுவதில்லை. ஆய்வாளர் கண்ட ஒருவர் நடுவயதுக்காரர், மடியில் சாப்பாட்டுக் கூடை. கூடுவாஞ்சேரி தாண்டியதும் முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் தலை அவர் வலத்தோளில் வந்து இறங்கியது. ஒருமுறை தோளைக் குலுக்கினார். தலை நிமிர்ந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. இரண்டாம் முறை குலுக்கவில்லை. கைப்பேசியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். பொத்தேரி வரும்போது வலக்கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார், மரத்துப்போயிருக்க வேண்டும்.

அவர் இறங்க வேண்டியது காட்டாங்குளத்தூர். வண்டி வேகம் குறைந்ததும் “தம்பி” என்றார். பதிலில்லை. “தம்பி, நான் எறங்கணும்பா.” அதற்கும் இல்லை. உள்ளங்கையை அந்தக் கன்னத்தடியில் கொடுத்து, நிறைகுடத்தை இறக்கிவைப்பது போலத் தலையைத் தூக்கி, ஜன்னல் கம்பியில் சாத்தினார். கம்பி குத்துமே என்று நினைத்தாரோ என்னவோ, பையன் மடியிலிருந்த துண்டை மடித்து நடுவில் வைத்தார். சட்டைத் தோளில் ஈரம் வட்டமாகத் தெரிய, கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் படியேறினார். வண்டி கிளம்பியது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி ஊர்ப்பெயரைச் சொன்னது. பையனின் கை பையைத் தேடியது.