அட்டையைக் கிழித்த காலம்

எண்பதுகளில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு கடையில் கயிறு கட்டி, காமிக்ஸ் புத்தகங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். பஸ் வரும்வரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். உள்ளே எல்லாம் சாணித்தாள், கறுப்பு வெள்ளை. அட்டையில் மட்டும்தான் கலர். விண்கலத்தின் சிவப்பும் வேற்றுக்கிரகத்தின் பச்சையும் அதோடு சரி. மிச்சத்துக்கு நாங்களே மனசுக்குள் வண்ணம் பூசிக்கொள்வோம்.

நான் கிறங்கிப்போனது இரும்புக்கை மாயாவியிடம். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவர் கதையோடுதான். ஆய்வக விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் இதை வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கண்ணுக்குத் தெரியாத நாயகனை எப்படி வரைவது? அந்தரத்தில் ஒரு கை போதும், மீதி ஆளை நாம் நிரப்பிக்கொள்வோம். சித்தன்னவாசல் கூரையில் தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்கும்போதும் இதுவேதான் நடக்கிறது. அழிந்த இடங்களில் கண் தானாக மீனையும் பூவையும் வரைந்துகொள்கிறது.

எங்கள் வீட்டில் அட்டைக்கு மரியாதை கிடையாது. முழுப்பரீட்சை லீவில் ஏழெட்டுப் புத்தகங்களைச் சேர்த்து பைண்டிங்குக்குக் கொடுப்போம். பைண்டர் முதல் வேலையாக அட்டைகளைக் கிழித்துப் போடுவார். "கதை பத்திரமா இருக்குல்ல தம்பி" என்பார். நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம்.

இன்று பழைய பிரதி தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "அட்டை இருக்கா?" என்றுதான். கதை மறுபதிப்பில் கிடைத்துவிடும். அந்த அட்டைக்கு எங்கே போவது? நான் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வார இதழ்த் தொடர்களில் ஜெயராஜ், ம.செ. படங்களைக் கையெழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். காமிக்ஸ் அட்டை ஓவியர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லயன், முத்து காமிக்ஸ் அட்டைகள் பலவற்றைத் தீட்டிய சிவகாசி ஓவியர் மாலையப்பனின் பெயர் எனக்குத் தெரியவந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தேன். மாயாவியின் கையைத் தெரிந்த அளவுக்கு அதை வரைந்த கையைத் தெரியாமல் வளர்ந்திருக்கிறோம். அமெரிக்காவிலோ அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுகளை 1953-ல் முதன்முதலாகக் கொடுத்தபோதே அட்டை ஓவியருக்கென்று தனி விருது வைத்தார்கள்.

போன மாதம் ஓர் அறிவியல் புனைகதை வாங்கினேன். அட்டையில் கம்ப்யூட்டரில் செய்த ரோபோ. முதல் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, அட்டையைச் செய்தவர் பெயர் இல்லை. பதிப்பாளர்களே, ஒரு வரி சேருங்கள். பெரிய செலவில்லை.

திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் முதற்பதிப்புகளைத் தேடித் தேடிக் காத்துவரும் ஊர் எங்கள் புதுக்கோட்டை. உங்கள் வீட்டுப் பரணில் அட்டையோடு ஒரு பழைய மாயாவி கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடை போடாதீர்கள்.