பின்னால் பிடித்த சனி

பதுளையில் காருக்கு வைத்தியம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பண்டாரவளை ஏற்றத்தில் வண்டி ஒருதரம் திணறினால் போதும். கொழுந்து லொறி டிரைவர் கிளச் என்பார். வடைக்கடைக்காரர் பெற்றோலில் தண்ணி என்பார். பின் சீட்டில் இருக்கிற மாமியார் கண்ணூறு என்பார். மூவரும் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: வண்டியின் பின்பக்கம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கருக்கு இந்த மாதிரி வைத்தியமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. அவருடையது ஜப்பானில் பாவித்து இங்கே வந்த கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் கார் என்பது விற்க மனம் வராத, வாங்கக் காசு வராத சொத்தாகிவிட்டது. ஆகவே கிளாக்கர் காரை மாற்றவில்லை, காருக்குள் இருந்ததையெல்லாம் மாற்றினார். புது பிளக், புது எயார் ஃபில்டர், புது பெற்றோல் பம்ப், முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், அதற்குத் துணையாக ஐந்து பச்சை மிளகாய். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவனுக்கு நெய்ச்சோறு ஊட்டிய கதைதான்.

பதுளை பஸாரில் கார் ஒழுங்காகத்தான் ஓடும். ஹாலி எல, தெமோதரை தாண்டி ஏற்றம் பிடித்ததும் குணம் மாறும். அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஓரளவுக்கு மேல் எஞ்சின் சுற்றாது. சூடேற ஏற நிலைமை மோசமாகும். ஆட்டோ முந்திப் போகும். ஆட்டோ முந்தினால்கூடப் பரவாயில்லை, அதில் இருப்பது தன் கீழ் வேலை செய்கிற சின்னக் கிளாக்கர் என்றால் மனிதன் என்ன செய்வான்?

இந்த ஊரில் இப்படியான கோளாறைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், பண்டாரவளை 1,230, அப்புத்தளை 1,430. அப்புத்தளையில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. குறைந்த காற்றைக் குடிக்கிற சாதாரண பெற்றோல் எஞ்சினின் சக்தியும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் பாதி மலையில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதில் பாதி இந்த வகை; வண்டிக்கு நோயே இல்லை. 1924இல் பதுளைக்கு ரயில் கொண்டுவந்த எஞ்சினியர்மார் இந்த மேட்டுக்கு மரியாதை கொடுத்தவர்கள். தெமோதரையில் பாதையை ஒரு குன்றைச் சுற்ற வைத்து, ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கம் போட்டு நுழைய விட்டார்கள். ரோட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

கடைசியில் கிளாக்கர் போய்ச் சேர்ந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு சின்னக் கராஜ். பழுதுகளைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை வேறொரு இடத்தில் ஏற்கெனவே மாட்டிப் பார்த்தாயிற்று, அது ஒன்றும் சொல்லவில்லை என்றார். கராஜ்கார பாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பம்ப் புதுசு பாஸ். பிளக் புதுசு. ஃபில்டரும் புதுசு."

"உள்ளுக்குப் போறது எல்லாம் புதுசுதான் ஐயா. வெளியில வாறத யாராச்சும் பாத்தாங்களா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பாஸ் பின்னால் குந்தி, சைலன்சர் வாய்க்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். படபடவென்று அடிக்க வேண்டிய புகை, கிழவர் ஊதின மாதிரி மெல்ல வந்தது. இது சந்தேகம்தான், சாட்சி ஆகாது. அடுத்து வக்யூம் கேஜை எஞ்சினின் காற்றுக்குழாயில் மாட்டினார். புத்தகத்தின்படி நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது முள் 17 அங்குலத்துக்கும் 21 அங்குலத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். நின்றது 16இல். வேலை பழகுகிற பொடியன் "எஞ்சின் முடிஞ்சிச்சு" என்று தீர்ப்பே எழுதிவிட்டான்; கிளாக்கருக்கு வியர்த்தது. பாஸ் சிரித்தார். அந்தக் கணக்கு கடற்கரைக்கு எழுதியது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஒரு அங்குலம் கழிக்க வேண்டும். பதுளைக்கு இரண்டு கழித்தால் 16 நல்ல எண்தான். புத்தகத்தை மட்டும் நம்புகிற மெக்கானிக் அப்புத்தளையில் கராஜ் போட்டால் ஊரில் ஒரு எஞ்சின் பாக்கி இல்லாமல் பிரித்துவிடுவார்.

பிறகு எஞ்சினை 2,500 சுற்றுக்கு உயர்த்தி அங்கேயே பிடித்துக்கொள்ளச் சொன்னார். சரியான வண்டியில் முள் ஒருதரம் விழுந்து திரும்பி ஏறி நிற்கும். இங்கே ஏறவில்லை, 13, 10, 7 என்று படியிறங்கியது. எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கினால் புதுக் காற்று எங்கே நுழையும்?

சாட்சிக்கு இன்னொரு சோதனை. எஞ்சினுக்குப் பக்கத்தில் புகைக்குழாயில் திருகியிருக்கும் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டினார். சும்மா ஓடும்போது ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது, 2,500இல் மூன்றைத் தாண்டக்கூடாது. முள் எட்டைத் தொட்டது. மானியைக் கழற்றித் துளையைத் திறந்தபடியே பசறை ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டார்கள். வண்டி பாய்ந்து ஏறியது. சத்தத்துக்கு ரோட்டோரத்து நாய்கள் ஒன்று விடாமல் கூட வந்தன. கிளாக்கருக்கு மட்டும் அது நாதஸ்வரமாகக் கேட்டிருக்க வேண்டும்.

அடைத்துக்கொண்டிருந்தது கன்வெர்ட்டர். சைலன்சருக்கு முன்னால் இருக்கிற அந்த டப்பாவுக்குள் பீங்கானில் செய்த நுண்துளை அடுக்கு. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. நச்சுப்புகையைக் கொஞ்சம் சாதுவாக்கி வெளியே அனுப்புவது அதன் வேலை. ஈயம் கலந்த பெற்றோல் இதற்கு எமன். இலங்கையில் அந்தப் பெற்றோல் 2002இல் போய்விட்டது. கழற்றிய டப்பாவைப் பாஸ் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தார். சல்லடை போல வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு மூலையில் மட்டும் பத்துப் பதினைந்து துளை. மீதியெல்லாம் உருகி, கறுத்து, கட்டியாகிக் கிடந்தது. ஸ்கேனர் ஏன் வாய் திறக்கவில்லை? பி 0420 என்ற குறி கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் சொல்லும். அடைத்துவிட்டது என்று சொல்ல அதற்குத் தெரியாது.

கச்சான் காற்றடிக்கிற காலத்தில் இதை அலட்சியம் செய்வது நல்லதல்ல. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணம் சேர்க்கிற அதே வறண்ட காற்றுதான் மானாப்புல்லையும் பஞ்சாகக் காய வைக்கிறது. செந்தணலாகக் காய்ந்த கன்வெர்ட்டரோடு வண்டியை அந்தப் புல்மேல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது காரோடு மலையும் எரிந்திருக்கலாம். ஓட்டையான ஜொயின்ட் வழியாகப் புகை காருக்குள் வருவதும் உண்டு. அப்புத்தளைப் பனிக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

இனி வைத்தியம். தோட்டத்து லொறி டிரைவர் அலவாங்கால் குத்திப் பீங்கானை உதிர்த்துவிடச் சொன்னார். ஒரு காலத்தில் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ சைலன்சரைக் கழற்றி விறகு நெருப்பில் போட்டு, ஒயில் கரியை எரித்துத் தட்டி எடுத்தவர்களின் வழியில் வந்த யோசனை. அந்தச் சைலன்சருக்கு அது சரிதான். இங்கே அலவாங்கு போட்டால் வண்டி ஏறும், ஆனால் 2008இல் வந்த புகைப் பரிசோதனை இருக்கிறதே! அதில் தேறாவிட்டால் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. ஊற்றினால் சுத்தமாகும் என்று விற்கிற போத்தல் மருந்து இலேசான கரிக்கு உதவலாம். உருகிய பீங்கானைக் கரைக்க எந்தப் போத்தலாலும் முடியாது.

பாவித்த நல்ல கன்வெர்ட்டர் ஒன்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது. பாஸ் அதை உடனே பூட்டவில்லை. கன்வெர்ட்டர் தானாக அடைக்காது, யாரோ அடைக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தேடியதில் அகப்பட்டது ஒரு இக்னிஷன் கொயில். மூன்றாவது சிலிண்டரில் அடிக்கடி நெருப்புப் பிடிக்கவில்லை. எரியாத பெற்றோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. பிளக்கை மாற்றியவர்கள் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கொயிலைத் தொடவே இல்லை.

பழைய டப்பா இப்போது கிளாக்கர் குவாட்டர்ஸ் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. உள்ளே பிளாட்டினம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. இரும்புக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டார். இரண்டாம் தடவை சொன்ன விலை முதல் விலையைவிடக் கூட. அதனால் கிளாக்கர் மூன்றாம் தடவைக்குக் காத்திருக்கிறார்.