ஒரு கூடாரம், ஒரு விளக்கு

கடற்காற்றோடு ஒத்துப்போகத் தெரிந்த விளக்கு என்றால் எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அது அரிக்கேன் விளக்குதான். இரண்டு பக்கத் தகரக் குழாய்களின் வழியே காற்றைச் சுற்றவிட்டுத் திரிக்குக் கொடுக்கும் ஏற்பாட்டினால், வெளியே கச்சான் காற்று எவ்வளவு வீசினாலும் உள்ளே சுடர் லேசாகத் தலையாட்டுமே ஒழிய அணையாது. வல்லத்தில், மாட்டுவண்டியின் அச்சுக்கு அடியில், உப்பளத்து வரப்பில் என்று எங்கும் போய்வந்த விளக்கு. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். சாயங்காலம் சிம்னியைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் துடைக்கிற வேலை, உள்ளே நுழைகிற அளவுக்குச் சின்னக் கை யாருக்கு இருந்ததோ அவர்களுக்கு வந்திருக்கும். எங்கள் வீட்டில் அது என்னிடமிருந்து தங்கச்சிக்குப் போன வருஷம், பெரியவனாகிவிட்ட பெருமையோடு, பளிச்சென்று ஆன கண்ணாடியை முதலில் தூக்கிப் பார்க்கிற உரிமை போய்விட்டதே என்ற ஏக்கமும் சேர்ந்தே வந்தது.

செப்டம்பரில் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு முன்கூட்டியே போய், பழைய பாய்ச்சீலையைக் கம்பில் கட்டி மணலில் கூடாரம் போட்டால், குடும்பத்துக்கு ஓர் அரிக்கேன், நாலைந்து குடும்பத்துக்கு நடுவில் ஒரு கேஸ் லைட். ஸ்பிரிட்டில் சூடேற்றி, பம்பு அடித்து, மண்ணெண்ணெய் ஆவியாகி மேண்டிலில் பற்றுகிறவரை மாமா யாரையும் பேசவிட மாட்டார். குப்பென்று பற்றி வெள்ளை வெளிச்சம் மணலில் விரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவோம்.

அந்த வெள்ளையின் பூர்வீகத்தை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். மேண்டில் என்பது தோரிய உப்பில் ஊறிய துணி. முதல்தடவை எரிந்ததும் துணி போய், 99 சதவீதம் தோரியம் ஆக்சைடும் ஒரு சதவீதம் சீரியம் ஆக்சைடுமான சாம்பல் வலை மட்டும் மிஞ்சும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் அதைக் கண்டது எங்கே தெரியுமா? குமரியைத் தாண்டி, மணவாளக்குறிச்சிக் கரையில்! பெர்லினில் பிறந்த பெட்ரோமாக்ஸைப் பார்த்து வாய்பிளந்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு, அந்த மேண்டிலுக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவைச் சொல்ல அப்போது ஆளில்லை.

அப்பா சொன்னதோ அதற்கும் முந்தைய வெளிச்சம். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்புச் சலாபத்தில், நடுராத்திரிக்கு மேல் கரைக்காற்றைப் பிடித்து முத்துப்பாருக்குப் புறப்படுகிற தோணிகளுக்காகக் கரை நெடுக விளக்குகள் நடமாடுமாம். விடிந்ததும் குளிப்பு, பிற்பகல் கடற்காற்றில் திரும்புவது. அதன்பிறகு இங்கே சலாபம் கூடவேயில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது.

இன்று பேரப்பிள்ளைகள் கொண்டுவருகிற கேம்பிங் விளக்கு உள்ளங்கையில் அடங்குகிறது. அமுக்கினால் சப்பையாகிறது, இழுத்தால் நீள்கிறது, செல்போன் சார்ஜரிலோ வெயிலிலோ சார்ஜ் ஏறிக்கொள்கிறது. அதன்மேல் எனக்கு நிஜமான மரியாதை. விடியுமுன் உப்பளத்தில் இறங்குகிற பெண்கள் நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் உப்பு வாருவதைப் பார்க்கிறபோது, வரப்பில் வைத்த அரிக்கேனின் அரைவெளிச்சத்தில் காலால் தடவி நடந்த அவர்களுடைய அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன். எல்இடியைக் குறைசொல்ல நா எழுவதில்லை. கடலில்தான் அது அளவு மீறிப்போய், எல்இடி வெளிச்சம் போட்டு மீன்பிடிப்பதை 2017-இல் மத்திய அரசு தடைசெய்யும்படி ஆயிற்று. மீனும் நம்மைப்போல வெளிச்சத்தைச் சுற்றிக் கூடுகிற சாதி.

நாம்தான் கூடுவதை விட்டுவிட்டோம். ஒரே விளக்கு இருந்தபோது, வெளிச்சம் எட்டாதவன் கொஞ்சம் நகர்ந்து வரவேண்டும். நகர்ந்தால் ஆச்சியின் மடி கிடைக்கும், ஆச்சி மடி கிடைத்தால் சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்லும் கடல்கட்டியின் கதை கிடைக்கும், கதை முடியுமுன் தூக்கம் வந்துவிடும். இப்போது கூடாரத்துக்குள் ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு மூலை.

வருகிற திருவிழாவுக்கு ஒரே ஒரு விளக்குதான் எடுத்துவர வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பேத்தி உடனே சரி என்றாள். பேரன்தான், அது யாருடைய விளக்கு, ராத்திரி எத்தனை மணிக்கு அணைப்பது என்பதையெல்லாம் முதலில் பேசி முடிவுசெய்ய வேண்டும் தாத்தா என்கிறான்.