அசல் சரக்கா, அடித்த காற்றா?

கேள்வி: எங்கள் சித்திரை வீதிப் பையன் தொடர்ந்து நாலு மேட்சாக விக்கெட்டை அள்ளுகிறான். அடுத்த அஸ்வின் இவன்தானே?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: 1988 பொங்கல் சமயம், சென்னை சேப்பாக்கத்தில் சுழல் பந்து வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். முதல் 4 டெஸ்டில் 36. அடுத்த 13 டெஸ்டில்? முப்பதுதான்! கை அதே கை. சேப்பாக்கத்துப் புழுதிதான் கூடவே வரவில்லை. அந்த முதல் டெஸ்டில் விக்கெட் கீப்பர் கிரண் மோரே செய்த ஸ்டம்பிங் மட்டும் ஆறு; பாதிப் புண்ணியம் அவருக்கு. ஆகவே விக்கெட்டை விடுங்கள். எந்தப் பிட்ச், எதிரே யார், பந்து ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பையன் காவேரிப் பாலம் தாண்டியும் சுழற்றட்டும். அதுவரை மாலை வாங்கச் சாத்தார வீதிக்கு ஆள் அனுப்பாதீர்கள்.