துரியோதனன் ஊருக்குப் போய் வந்தவன்

பாண்டவர்கள் புத்திசாலிகள். இமயமலையில் ஏறினார்கள், இறங்கவில்லை. முதலில் திரௌபதி விழுந்தாள், பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று வரிசையாக விழுந்தார்கள், தருமர் மட்டும் ஒரு நாயோடு மேலே போய்ச் சேர்ந்தார் என்கிறது மகாபாரதம். படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவருக்குக்கூட மறுநாள் விடியுமுன் டேராடூன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய நெருக்கடி இருக்கவில்லை. அதே மலைப்பக்கம் போய், இறங்கியும் வந்தவன் என்ற முறையில் இதைப் பொறாமையோடு பதிவு செய்கிறேன்.

அதே மலை என்று கூசாமல் சொல்லக் காரணம் உண்டு. உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் ஹர் கீ தூன் என்றொரு பள்ளத்தாக்கு. அதன் தலைமாட்டில் நிற்கிற சிகரத்தின் பெயரே சுவர்க்காரோகிணி. உயரம் 6,252 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிய வழி இதுதான் என்று அந்தப் பக்கத்தார் நம்புகிறார்கள். நான் சொர்க்கம் வரை போகவில்லை. அவ்வளவு லீவு கிடைக்கவில்லை. சூபின் ஆற்றுக்கு மேலே சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒஸ்லா என்ற கிராமத்தோடு நிறுத்திக்கொண்டேன். கல்லும் தேவதாரு மரமும் மாற்றி மாற்றி அடுக்கிய வீடுகள். கீழே மாடு, மேலே மனிதர். வீட்டைச் சுற்றி ராஜ்மா. ராம்தானா என்று அவர்கள் சொல்லும் பயிர், நம் தண்டுக்கீரைக்குச் சொந்தக்காரன், அரக்குச் சிவப்பில் கதிர் தள்ளி நின்றது. அழகு பற்றி இத்துடன் போதும். என் விஷயம் திரும்பி வந்தது.

மலை ஏறுகிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்கள் நின்று, "அகேலே?" என்று கேட்பார்கள். தனியாகவா வந்தாய்? ஏறும்போது அந்தக் கேள்வியில் வியப்பு இருந்தது. அதே பெண்கள், அதே கேள்வி, நான் இறங்கும்போது கேட்டதில் இருந்தது வேறு. கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களா, பெண்டாட்டி இல்லையா, ஊரில் ஏதாவது சண்டையா என்றெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. என் இந்தியில் இவற்றுக்கெல்லாம் பதில் கிடையாது. "ஹாஞ்ஜி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். எதை ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம். திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டிய கூத்துக்காரர் உயரமான பனைமரத்தில் ஏறுவார். அன்றைக்கு அதுதான் எங்களுக்குக் கைலாயம். படிக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு நிறுத்தம். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச, கீழே பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். அவர் எப்படி இறங்கினார் என்று கேட்டுப்பாருங்கள், ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குள் கூட்டம் சுண்டல் வாங்கப் போயிருக்கும்.

ஒஸ்லாவிலிருந்து ஜீப் கிடைக்கிற தாலுகா என்ற ஊர் வரை 12, 13 கிலோமீட்டர் இருக்கும். இறங்குகிற வழி என்றுதான் சொல்வார்கள். நம்பாதீர்கள். மலைப்பாதையில் இறக்கம் என்பது நிறைய ஏற்றங்களைச் சேர்த்துக் கட்டியது. ஓடை வரும், அதற்காக இறங்கவேண்டும். ஓடை போனதும் இறங்கிய அளவுக்கு மேலேயே ஏறவேண்டும். கோவேறு கழுதைகள் மணியாட்டிக்கொண்டு எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம்தான் ஒதுங்க வேண்டும். ஆற்றுப் பக்கம் ஒதுங்கினால், கழுதையின் முதுகிலிருக்கும் எரிவாயு சிலிண்டர் லேசாக இடித்தாலே போதும், சொர்க்கத்துக்கு நேர்வழி.

கிளம்பும்போது ஊரிலிருந்து ஒரு நாய் கூட வந்தது. ஆடு மேய்ப்பவர்கள் வளர்க்கும் போட்டியா இனம். கறுப்பு, கழுத்தில் அடர்ந்த சடை, நடையில் ஒரு பெரிய மனிதத் தோரணை. எனக்குப் புல்லரித்தது. தருமருக்கு ஏறும்போது, எனக்கு இறங்கும்போது, அவ்வளவுதானே வித்தியாசம்? நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தருமர் இந்திரனிடமே வாதாடினார். எங்கள் விஷயத்தில் அந்தப் பரீட்சை நாய்க்கு வைக்கப்பட்டது. கங்காடு கிராமத்துக்குச் சற்று முன்னால் எதிரே வந்த பையன்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்லே-ஜி பொட்டலத்தைப் பிரித்தார்கள். தர்மதேவதை அவர்களோடு மேலே போய்விட்டது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்குகிறவனுக்குக் கிடைக்கிற ஒரே பதவி, ஏறுகிறவர்களுக்குத் தகவல் சொல்வது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பார்கள். உண்மை சொல்லக் கூடாது என்பது மலையில் எழுதாத சட்டம். எனக்கு ஏறும்போது எல்லாரும் "பஸ், ஆதா கண்டா" என்றார்கள். மலைக்காரர்களின் அரை மணி நேரத்தில் நம்முடைய ஒரு முழுப் பிற்பகல் அடங்கும். நானும் அந்த மரபைக் காப்பாற்றினேன். அரை மணி, அரை மணி என்று வழியெல்லாம் வாரி வழங்கிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ஒரு பெரியவர் மட்டும் என் நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமலே போய்விட்டார்.

நடை அப்படி ஆகியிருந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. அது அதற்குப் பழக்கம். இறங்கும்போதோ நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கவேண்டும். அதில் தசைநாரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழும். வலி உடனே வராது. ஒரு நாள் விட்டு, நாம் பிழைத்துக்கொண்டோம் என்று நம்பிக்கை வந்த பிறகு வந்து கதவைத் தட்டும் கந்துவட்டிக்காரர் மாதிரி அது. எனக்கு அது, ஜீப் கொண்டுவந்து விட்ட சாங்க்ரி என்ற ஊரில், இரவு கட்டிலிலிருந்து எழ முயன்றபோது முதல் தவணை கேட்டது.

சாங்க்ரியிலிருந்து டேராடூன் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதைப் பகல் முழுக்கப் போகலாம். எனக்கு ஒருபக்கம் உருளைக்கிழங்கு மூட்டை, மறுபக்கம் தூங்கும் பட்டாளத்துக்காரர். நேட்வார் என்ற இடத்தில் ரூபின் ஆறும் சூபின் ஆறும் சேர்ந்து டோன்ஸ் ஆகின்றன. அங்கே போக்கு தேவதா என்ற சாமியை முதுகைக் காட்டி நின்றுதான் கும்பிடுவார்கள், முகம் பார்த்தால் ஆகாது. மூட்டைக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் கழுத்தைத் திருப்ப வழியில்லாததால் நானும் முதுகாலேயே கும்பிட்டேன். இமயமலையில் நான் முறை தவறாமல் செய்த ஒரே வழிபாடு.

கீழே வரவர போனுக்கு உயிர் வந்தது. சிக்னல் இல்லாத நாட்களின் செய்திகளெல்லாம் சேர்ந்தாற்போல் விழுந்தன. அம்மாவின் செய்திகளை வரிசையாகப் படித்தால் ஒரு நாவல். "சாப்பிட்டியா" என்று தொடங்கி, "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று வளர்ந்து, "பதில் போடு" என்று உச்சத்துக்குப் போய், "சரி, உன் இஷ்டம்" என்று துறவில் முடிந்து, கடைசியாக "கரண்டு பில்லு கட்டியாச்சா" என்று இல்லறத்துக்குத் திரும்பியிருந்தது.

ஊருக்குப் போனதும் விசாரணை ஆரம்பம். இமயமலைக்குப் போனவன் ஏதாவது காட்டவேண்டும். அக்காள் மகன் போனில் எதையோ தேடிவிட்டு வந்தான். "மாமா, நீங்க போன ஊரு கிட்டத்தட்ட தொட்டபெட்டா உயரந்தானே? அது 2,637 மீட்டர். நாங்க ஸ்கூல் டூர்ல பஸ்லயே மேல போயி பஜ்ஜி தின்னோமே!" படித்த பிள்ளைகள் குடும்பத்துக்கு ஆகாது.

அவனை ஒருவழியாக விரட்டினால், திண்ணையிலிருந்து ஆயா.

"பத்ரிநாத்து போனியா கண்ணு?"

"இல்ல ஆயா."

"கேதார்நாத்து?"

"அதுவும் இல்ல."

"கங்கையிலயாவது முழுவுனியா?"

"நான் போன ஊர்த் தண்ணி டோன்ஸுக்குப் போயி, டோன்ஸு யமுனைக்குப் போயி, யமுனை பிரயாகையில கங்கையோட சேருது ஆயா."

"சேந்த எடத்துல முழுவுறதுக்கு இன்னா?"

யமுனையோடு கலக்கிற இடத்தில் டோன்ஸில்தான் அதிகத் தண்ணீர், ஆகவே நான் கால் நனைத்தது சாதாரண ஓடையல்ல என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"அவ்ளோ தூரம் போயி எந்தக் கோயிலத்தான்டா பாத்த?"

மறைத்துப் பயனில்லை. "துரியோதனன் கோயில் ஆயா."

ஆயா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த துரியோதனன் வேறு. எங்கள் ஊர்ப் படுகளத்தில் வருஷா வருஷம் மண்ணைக் குவித்து, மல்லாந்து படுத்த துரியோதனனைப் பெரிதாகச் செய்வார்கள். பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். அந்த ரத்தம் தொட்டு அம்மன் கூந்தல் முடிவாள். சின்ன வயசிலிருந்து அவன் அடிவாங்கிச் சாவதைப் பார்த்து வளர்ந்தவள் ஆயா.

"அவனுக்கு எவன்டா கோயிலு கட்டுனான்?"

நான் விளக்கினேன். மரத்தாலான பழைய கோயில். வெளியார் அதைத் துரியோதனன் கோயில் என்கிறார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் சோமேஸ்வரர் என்கிறார்கள். ஆனால் அவன் செத்தபோது அந்த நாட்டு ஜனங்கள் அழுத கண்ணீர்தான் டோன்ஸ் ஆறாக ஓடுகிறது என்றும் கதை இருக்கிறது. இதெல்லாம் வடக்கத்திச் சங்கதி என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று, கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து மலநடையிலும் அவனைக் கும்பிடுகிறார்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

ஆயா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். "அழுவ ஆளு இருந்திருக்கு பாரேன்," என்றாள். பிறகு, "ஏன்டா நிக்கிற, ஒக்காரு."

உட்காருவதுதான் பிரச்சினை. திண்ணைத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமாக இறங்கி, கடைசிக் கால்முழத்தைக் கடவுளிடம் விட்டுவிட்டுத் தொப்பென்று விழுந்தேன்.

"எங்கடா வலிக்குது?"

"தொடையில."

ஆயாவின் முகத்தில் வந்த திருப்தியை எந்த எலும்பு வைத்தியரிடமும் பார்க்க முடியாது. "பின்ன? அவன் ஊருக்குப் போனா அங்கதான் புடிக்கும்."

விளக்கெண்ணெய் காய்ச்ச உள்ளே ஆளை அனுப்பினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். "மண்ணு எடுத்தாந்தியா?" என்றாள்.

படுகளம் முடிந்ததும் அந்த மண்ணுக்கு ஊரே பாயும். ஒரு பிடி அள்ளிவந்து தானியத்தில் போட்டால் விளைச்சல் குறையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண்ணெல்லாம் கொண்டுவரவில்லை ஆயா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பார்வை வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் பூட்ஸ்மேல் விழுந்தது. எழுந்து போனாள், அந்த வயதில் அவள் எழுந்த வேகம் எனக்கு அவமானமாக இருந்தது. பூட்ஸைக் கவிழ்த்துப்போட்டு, கரண்டிக் காம்பால் அடியில் அப்பியிருந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் சுரண்டி எடுத்தாள். மடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அரிசி டிரம்மைத் திறக்கச் சொன்னாள்.

அதில் முக்கால்வாசி டேராடூன் பஸ் ஸ்டாண்டு மண். சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே மூடி விழுகிற சத்தம் கேட்டது. அன்று ராத்திரி எனக்கு மட்டும் தோசை போதும் என்று சொல்லிவிட்டேன்.