எந்தத் தோட்டத்துப் பழம்?

தெஷிமாவில் மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் இப்போது முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஜப்பானின் செத்தோ உள்கடலில், ககாவா மாநிலத்தைச் சேர்ந்த இந்தத் தீவு சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் எதிர்க்கரையில் இருக்கும் ஊனோ துறைமுகத்தில் காலைப் படகுக்குக் கூட்டம் நெரிகிறது. தீவில் விளைந்த காய்கறியையும் பக்கத்துக் கடலில் பிடித்த மீனையும் உள்ளூர்ப் பெண்கள் கையால் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்ப, எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

பெட்டியில் இந்தத் தீவின் பெயர் இருந்தால் ஸ்ட்ராபெரி விலை போகாத காலத்தில் நான் முதலில் அங்கே போனேன். அது 1998 டிசம்பர். ஒகயாமாவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒரு சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இயெவுரா துறையில் எங்களோடு இறங்கியவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள். தீவின் மேற்கு முனைக்கு ஒரு பெரியவர் தன் சிறிய லாரியில் அழைத்துப் போனார்.

அங்கே தரை கறுப்பாக இருந்தது. குனிந்து பார்த்தால் மண்ணே இல்லை. செம்புக் கம்பித் துணுக்குகள், ரப்பர், கார் இருக்கைப் பஞ்சு, பிசுபிசுப்பான எண்ணெய். பழைய கார்களை நொறுக்கி இரும்பைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சுகிற சக்கை அது. மண்புழு வளர்க்கப்போவதாகச் சொல்லி 1978-ல் அனுமதி வாங்கிய ஒரு நிறுவனம், வருடக்கணக்கில் இதைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டி, திறந்தவெளியில் எரித்தது. ஊர்க்காரர்கள் மாநில அதிகாரிகளிடம் முறையிட்டுக் களைத்தார்கள். 1990 நவம்பரில் சோதனை போட்டு இதை நிறுத்தியதோ வேறு மாநிலமான ஹியோகோவின் போலீஸ். கொட்டியவர்கள் போய்விட்டார்கள்; கொட்டியது கிடந்தது.

ஊர்ப் பொதுக்கூடத்துக்குத் திரும்பியதும் ஒரு பாட்டி எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். தட்டு நிறையக் கமலா ஆரஞ்சு வைத்தார். யாரும் கை நீட்டுவதற்கு முன்பே, "தயங்காமச் சாப்பிடுங்க. இது கிழக்குப் பக்கத்துத் தோட்டம், அங்கேயிருந்து ரொம்பத் தூரம்" என்றார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களுக்குப் பழம் கொடுக்கும்போது அந்த விவரத்தையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே பழக்கமாகியிருந்தது. நல்ல இனிப்பான பழம். அத்தனை வயதான ஒருவர் தன் வீட்டுப் பழத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்ற கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை.

அந்தப் பாட்டியின் தலைமுறைதான் சண்டையை நடத்தியது. 1993-ல் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டு, மாசுத் தகராறுகளுக்கான அரசு சமரச அமைப்பிடம் மனு கொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் நகாபோ கோஹெய். ஆர்செனிக் கலந்த பால்மாவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக முன்பே வழக்காடியவர். ஊர்க்காரர்கள் படகேறி தகாமட்சு நகரத்துக்குப் போய், மாநிலத் தலைமைச் செயலகத்தின் வாசலில் மாதக்கணக்கில் நின்றார்கள். காட்டுவேலையும் கடல்வேலையும் செய்து காய்த்த கைகளில் பதாகை. 2000 ஜூனில் உடன்பாடு வந்தது. மாநில ஆளுநர் தீவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கேட்டது நஷ்டஈடு அல்ல, குப்பையை எடுத்துவிட வேண்டும் என்பது. 2003 முதல் அதை அள்ளி, மூடிய வண்டிகளில் ஏற்றி, பக்கத்து நவோஷிமா தீவுக்குக் கப்பலில் கொண்டுபோய் உலையில் உருக்கினார்கள். மொத்தம் 9 லட்சம் டன்னுக்கு மேல். 2017 மார்ச்சில் முடிந்தது என்றார்கள். அதன் பிறகும் தோண்டிய இடத்தில் மிச்சம் அகப்பட்டது, அதையும் எடுத்தார்கள். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலை பின்னும் நீண்டது. கையெழுத்திட்டவர்களில் பலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

போன ஏப்ரலில் மறுபடி போனேன். இயெவுராவில் மின்சார சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தீவின் கிழக்கே கராத்தோ சரிவில், தரிசாய்க் கிடந்து திருத்தப்பட்ட நெல் வயல்கள் படிப்படியாகக் கடலை நோக்கி இறங்குகின்றன. அவற்றின் நடுவே தெஷிமா கலைக்கூடம். கட்டடத்தை வடிவமைத்தவர் நிஷிசாவா ரியூவே, உள்ளே இருக்கும் படைப்பைச் செய்தவர் நைத்தோ ரெய். மண்ணை மேடாகக் குவித்து, மேலே கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி எடுத்துக் கட்டினார்கள், தூணே கிடையாது. அது திறந்தது 2010-ல். தீவின் ஒரு முனையில் அழகுக்காக மண் அள்ளிய காலத்தில், மறுமுனையில் விஷத்துக்காக அள்ளிக்கொண்டிருந்தார்கள். கலைக்கூடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மதியம் சாப்பிட்டது ஒரு பழைய வீட்டுத் தாழ்வாரத்தில். அன்றைய மீன் சவாரா. நம் வஞ்சிரத்தின் இனம். செத்தோ கடலில் வசந்தகாலத்தில் கரைக்கு வரும். மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்து, வெங்காயத் தாளை வதக்கி மேலே போட்டிருந்தார்கள். தோல் மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே சதை இதழ் இதழாகப் பிரிந்தது. பக்கத்தில் பிழிவதற்குத் தீவு எலுமிச்சை, உப்பில் பிசைந்த முட்டைக்கோஸ், சோறு, மிசோ சூப். பரிமாறிய அம்மாள் ஒவ்வொன்றையும் விரலால் காட்டி, வெங்காயம் எந்த வீட்டுத் தோட்டம், எலுமிச்சை எந்தச் சரிவு என்று சொல்லிக்கொண்டே போனார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை நிறைந்திருந்தது.

முன்பு ஒருமுறை வந்திருக்கிறேன், அந்த மேற்கு முனையைப் பார்த்தேன் என்றேன். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பா ஸ்ட்ராபெரி போட்டிருந்தார். பெட்டியில ஊர்ப் பேரைப் போடாதீங்கன்னு மண்டிக்காரர் சொல்லிட்டார். அப்பா ராத்திரி உக்காந்து ஒவ்வொரு பெட்டியிலயும் பேரை மறைச்சு வேற தாள் ஒட்டுவார். நானும் ஒட்டியிருக்கேன்."

கல்லாப் பக்கத்து அலமாரியில் ஸ்ட்ராபெரி ஜாம் அடுக்கியிருந்தது. பாட்டிலில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்து தெஷிமா என்பதுதான். அந்தப் பெயருக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன்.

மேற்கு முனையில் இப்போது ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு நினைவுக்கூடம் இருக்கிறது. குப்பை மேட்டின் ஓர் அடுக்கை அப்படியே பெயர்த்து, சுவராக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதே கம்பி, அதே ரப்பர், அதே பஞ்சு. அன்று என்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை. துறைமுகத்தில் நான் எடுத்த சுற்றுலா வரைபடத்தில் சாப்பாட்டுக் கடைகளும் கலைப்படைப்புகளும் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருந்தன. இந்த இடம் இல்லை. இருக்க வேண்டும். கிழக்குச் சரிவில் உட்கார்ந்து நிம்மதியாக எலுமிச்சை பிழிந்துகொள்ள முடிவது இந்த முனையில் நடந்த வேலையால்தான்.

போகிறவர்கள் ஊர் அமைப்பிடம் முன்பே சொல்லி வைத்தால் யாராவது ஒருவர் கூட வந்து காட்டுவார். ஒரு மணி நேரம் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் போய்விட்டு வாருங்கள்.